பெட்டூனியாவுக்கு மதியத் தண்ணீர்

நீ கிளம்பிய அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "ஆமாம், அவளை வேலைக்குப் போக வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் உனக்கு இல்லை. அதனால் பூச்செடி வாங்கி வைத்துவிட்டுப் போகிறாய்."

வாசலில் வேன் நின்றது. திருச்சி விமான நிலையத்துக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத மனைவியிடம் நீ கடைசியாகச் சொன்னவை எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. "காலைல ஏழு மணிக்குள்ள ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, மறந்துராத. எலை மேல ஊத்தாத, அடில ஊத்து. வாடுன பூவ அன்னன்னைக்கே கிள்ளிரு." அவள் தலையாட்டினாள். பிறகு, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, "லேப்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்கு என்னங்க சொல்றது?" என்று கேட்டாள். நீ சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "சித்தி, நீங்களே சொல்லுங்க. போகக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்த சொன்னனா? தாராளமாப் போகட்டும். பூவ மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்." நான், "நேரமாச்சு, கெளம்பு," என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. டிரைவர் முன்னால் சண்டை போடுகிற பழக்கம் எனக்கில்லை.

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன் என்பது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். உன் பெயரையோ நம் ஊரின் பெயரையோ எழுதப் போவதில்லை. உன் மனைவியை நர்மதா என்று எழுதுகிறேன். அது அவள் பெயரில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நம் வீட்டு வாசலில் இருப்பது போன்ற பூச்செடிப் பைகளை அறந்தாங்கியைச் சுற்றியுள்ள எத்தனையோ புது வீடுகளில் பார்க்கிறேன். எல்லா வீட்டுப் பூவும் இதே காரணத்துக்கு வைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கிறவர்களில் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

உன்னைவிட எனக்குப் பதினோரு வயதுதான் அதிகம். உன் அம்மா போய் ஒரு வருடம் கழித்து உன் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது எனக்கு இருபத்துமூன்று, உனக்குப் பன்னிரண்டு. நீ என்னைச் சித்தி என்று கூப்பிட்டாய். அம்மா என்று கூப்பிடச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் உனக்குச் சோறு போட்டவள், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவள், அப்பா இறந்த பிறகு உன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரிடம் உட்கார்ந்து பேசியவள் என்ற முறையில், பெற்றவளுக்குள்ள உரிமையோடுதான் இதை எழுதுகிறேன். உன்னைப் பற்றி எனக்கு இப்போது இருப்பது கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபப்படுவதற்கு எதிராளியிடம் கொஞ்சமாவது மரியாதை இருக்க வேண்டும்.

முதலில் அந்த வாசலைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் வாசல் முழுவதும் பேவர் பிளாக் பதித்தாய். செம்மண் காலில் ஒட்டுகிறதாம். அங்கே மண்ணாக இருந்தபோது மழை விழுந்ததும் காசித்தும்பையும் கோழிக்கொண்டையும் தானாக முளைக்கும். போன வருடத்துப் பூ உதிர்த்த விதை மண்ணில் கிடந்து இந்த வருடம் எழுந்து நிற்கும். யாரும் நடுவதில்லை, யாரும் மெனக்கெட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடும், அது போதும். அந்த மண்ணைச் சிமெண்ட் கல்லால் மூடினாய். மூடிய மறு வாரமே "வாசல் மொட்டையா இருக்கு சித்தி, கொஞ்சம் பூ வச்சா பளிச்சுனு இருக்கும்," என்றாய். அப்புறம் மண்ணையும் தென்னை நார்க்கழிவையும் விலைக்கு வாங்கி, பிளாஸ்டிக் பையில் கொட்டி, மூடிய மண்ணின் மேல் வரிசையாக அடுக்கினாய். தன் வீட்டு வாசலில் இருந்த மண்ணை மூடிவிட்டு வெளியூர் மண்ணைப் பையில் கட்டி வாங்கி வைக்கிற அளவுக்குப் புத்திசாலித்தனம் வெளிநாட்டுக்குப் போனால்தான் வரும் போலிருக்கிறது. அன்று சிரித்துக்கொண்டேன். முட்டாள்தனம் என்றுதான் நினைத்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகு, பூவைத் தேர்ந்தெடுக்க ஆலங்குடி ரோட்டில் உள்ள நர்சரிக்கு நீ, நர்மதா, நான் மூவரும் போனோம். ஒரு பருவம் மட்டும் பூத்து முடிகிற செடிகளை அங்கே பந்தலுக்குக் கீழே தனியாக வைத்திருந்தார்கள். வாசலுக்குப் பூ வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் யோசிக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது, பூக்கப் போகிற மாதங்கள் எவை, தண்ணீர் ஊற்றப் போகிறவருக்கு வேறு என்ன வேலைகள் இருக்கின்றன. நம் வாசல் மேற்குப் பார்த்தது. மாசி பாதியிலேயே மதிய வெயில் கல்லில் விழுந்து அனலாகத் திரும்பும். அங்கே வைப்பதற்கு ஜினியா, செண்டு, வாடாமல்லி, பத்துமணிப் பூ இவற்றைத் தாண்டி யோசிக்கத் தேவையே இல்லை. ஜினியாவில் இல்லாத நிறம் உண்டா? வாடாமல்லியைச் செத்த வீட்டு மாலைப் பூ என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் மாலையிலும் அதே பூதான் தொங்குகிறது என்பது அவர்கள் கண்ணில் படாது. அவர்களை விட்டுவிடு. பத்துமணிப் பூவை மறந்துபோய் நாலு நாள் காயப் போட்டாலும் அது பாட்டுக்கு மொட்டு வைக்கும். நீயோ பூச்செடி வேலையே பிழைப்பாகக் கொண்டவன். பாலைவனத்து நகரத்தில், ரோட்டுக்கு நடுவே வண்ணக் கம்பளம் விரித்த மாதிரிப் பூ நடுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நர்சரிக்காரர் செண்டு வரிசையைத்தான் முதலில் காட்டினார். "வாசலுக்குன்னா இத எடுத்துக்கங்க தம்பி. ஜினியாவும் இருக்கு. நம்ம வெயிலுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டப் பூட்டிட்டு ரெண்டு நாள் எங்கிட்டாச்சும் போயிட்டு வந்தாலும் நிக்கும்."

"அதான் வேணாங்கிறேன்," என்றாய். "அது பாட்டுக்கு வளந்துட்டுப் போகும். பக்கத்துலயே இருந்து பாத்துப் பாத்து வளக்குற மாதிரி எதாவது குடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புதுசாக் கல்யாணமாக்கும்? வீட்டம்மாவுக்குப் பொழுது போகணுமா?"

"ஆமாண்ணே. நான் மாசி கடைசில கெளம்பிருவேன். இவ பாட்டுக்கு வேலைக்குப் போறேன், பஸ்ஸுல போறேன்னு நிக்கிறா."

"அப்ப பெட்டூனியாதான் சரி. கைப்புள்ள மாதிரி. ஒரு வேள மறந்தீங்கன்னா தலையத் தொங்கப் போட்டுரும். வெயில் ஏற ஏற மத்தியானமும் ஊத்தணும். வீட்ல ஆள் இருக்கணும்."

"ஆள் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பந்தலில் இருந்த பெட்டூனியா அத்தனையையும் எடுத்து வைக்கச் சொன்னாய். நர்மதா அப்போது கடைசி வரிசையில் ரோஜா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உனக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். என் காதில் விழுமே என்று நீ யோசிக்கவில்லை. வீட்டில் உள்ள பெண்பிள்ளைக்குக் காது உண்டு என்பது உனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பெட்டூனியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலையில் வைக்க முடியாது, சாமிக்கு ஆகாது, தொட்டால் இலை விரலில் பிசுபிசுக்கும். காலையில் விரித்த ஊதாக் குழல் மதியத்தில் நனைந்த துணி மாதிரித் தொங்கும். குளிர் மாதங்களில் கொஞ்ச நாள் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பங்குனி வெயிலில் பேவர் பிளாக் மேல் பிளாஸ்டிக் பையில் அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு முழு நேர வேலை. சம்பளம் இல்லாத முழு நேர வேலை.

அன்று சாயங்காலம் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் உனக்கு ஒரு வழி காட்டினேன். மனதில் கெட்டது இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் காட்டினேன். "நீ போறதுக்குள்ள ஒரு சொட்டுநீர்க் குழாய் போட்டுட்டுப் போயேன். மோட்டார் பக்கத்துலதானே இருக்கு." உன் பிழைப்பே அதுதான். அங்கே வெயிலில் அந்தப் பூக்களுக்குக் குடத்தோடு யாரும் காத்து நிற்பதில்லை. கறுப்புக் குழாய் ஓடுகிறது, நேரம் வந்தால் தானாகத் திறக்கிறது. அந்தக் குழாயைப் போட்டுக் கொடுத்துத்தான் உன் சம்பளம் வருகிறது. ஆனால் நீ சொன்னாய்: "வீட்டுக்கு எதுக்கு சித்தி அதெல்லாம். கையால ஊத்துனாத்தான் பூ நெறமா இருக்கும்." நர்மதா அதை நம்பினாள். உன் கைக்கு ஏதோ கைராசி இருப்பதாக நினைத்துச் சிரித்தாள். அப்புறம், "அத்தை இருக்காங்கள்ல, அவங்க மத்தியானம் ஊத்துவாங்க," என்றாள். "சித்தியா? அவங்க பொஸ்தகத்த எடுத்தா வீடு எரிஞ்சாக்கூடத் தெரியாது, செடி வாடுறதா தெரியப் போகுது?" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஒரே பேச்சில் எனக்குப் பைத்தியக்காரப் பட்டமும் அவளுக்கு நிரந்தர வேலையும் கொடுத்துவிட்டாய். அந்தச் சாமர்த்தியத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வித்தையை நீயாகக் கண்டுபிடிக்கவில்லை. உன் அப்பா எனக்கு ஒரு மாடு வாங்கித் தந்தார், ஞாபகமிருக்கிறதா? நான் இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடம். அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்திருந்தேன். சனி, ஞாயிறுகளில் திருச்சியில் வகுப்பு. உன் அப்பா போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரும் நல்லவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை செவலை நிறத்தில் ஒரு கறவை மாட்டை ஓட்டி வந்து கொல்லையில் கட்டினார். "ஒனக்காகத்தான் வாங்குனேன். மாட்டுக் கண்ணு அழகா இருக்குன்னு அன்னைக்குச் சொன்னியே," என்றார். மாட்டுக்கு ஒரு கை பழகிவிட்டால் வேறு கைக்குப் பால் இறக்காது. காலையில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை. நான் திருச்சிக்குப் போன ஒரே ஒரு சனிக்கிழமை மாலை அது மடி கட்டிக்கொண்டு கத்தியது. நீயும் அப்பாவும் வாசலில் நின்றுகொண்டு, "பாவம், வாயில்லா சீவன்," என்றீர்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. பரீட்சை எழுதவில்லை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து படித்த புத்தகங்கள்தான் என் படிப்பு. அந்த மாட்டின் மேல் எனக்கு உயிர். ஒருவரைக் கட்டிப்போட வேண்டுமானால் அவர்கள் பாசம் வைக்கக்கூடிய எதையாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதை உன் அப்பா எங்கே கற்றார் என்று தெரியாது. நீ எங்கே கற்றாய் என்பது தெரியும். நீ அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவன்.

நீ போன பிறகு நடந்ததைப் பாதிதான் பார்த்திருப்பாய், போனின் சின்னச் சதுரத்தில். உன் சாப்பாட்டு வேளையில் வீடியோ கால் வரும். முதல் கேள்வி, "பூவக் காட்டு." அவள் போனைத் திருப்பி ஒவ்வொரு பையாகக் காட்டுவாள். "அந்த மூணாவது பை ஏன் தொங்குது? எங்க போயிருந்த?" ஒருநாள் அவள் ஆலங்குடியில் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு மதியம் தாண்டி வந்தாள். அன்று நீ கத்தவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நான் ஆசயா வச்சது," என்று மட்டும் சொன்னாய். அவள் பஸ்ஸில் வந்த களைப்போடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். மறுநாள் அந்தப் பூக்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஸ்டேட்டஸில் போட்டாய். "என் மனைவி வளர்க்கும் தோட்டம்." நீ தங்கியிருக்கும் கம்பெனி கேம்ப்பில் இருக்கிறவர்கள் எல்லோரும் கைகூப்பும் படமும் இதயப் படமும் போட்டார்கள் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னாய். அவள் புதுக்கோட்டையில் இரண்டு வருடம் தங்கி லேப் டெக்னீஷியன் படித்தவள். குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடிப்பாள் என்று அவள் பயிற்சி எடுத்த இடத்தில் சொன்னார்களாம். அந்தக் கைக்கு நீ கொடுத்த வேலை வாடிய பூவைக் கிள்ளுவது.

அறந்தாங்கி லேப்காரர்கள் அவளுக்காக ஒரு மாதம் இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். பங்குனி பாதியானதும், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் ஒரு காலையில் அடுப்படியில் வந்து நின்றாள். "அத்தை, மத்தியானம் மட்டும் நீங்க ஊத்திவிட்டீங்கன்னா நான் போயிட்டு வந்துருவேன். அவரு கால் பண்ணா நீங்களே காட்டிருங்க."

"ஊத்த மாட்டேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு வலிக்கிறது. "ஒங்களுக்கும் நான் போறது புடிக்கல. அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல," என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போவாள். மாமியார்க்காரி புத்தியைக் காட்டிவிட்டாள் என்று தன் அம்மாவிடம் போனில் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் ஊற்றியிருக்கலாம். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் நான் ஊற்றினால் பூ வாடாது, உன் பொய்யும் வாடாது. அவள் கழுத்தில் இருக்கிற கயிற்றை அவிழ்த்து என் கழுத்தில் மாட்டிக்கொண்ட மாதிரிதான் ஆகும். நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தால் அவள் லீவு போட வேண்டும். ஒரு தடவை மாட்டிக்கொண்டு அவிழ்க்கத் தெரியாமல் நின்றவள் நான், மறுபடி கழுத்தை நீட்ட மாட்டேன்.

சனிக்கிழமை, அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நர்சரியில் நடந்ததைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. குழாய் போடுவதுதான் உன் தொழிலே என்பதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. பூ நடுகிறவன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாய்.

"வெளையாட்டுக்குச் சொல்லிருப்பாரு அத்தை," என்றாள் முதலில்.

"இருக்கும்."

கொஞ்ச நேரம் உரித்தாள். "அப்ப நான் எங்க நின்னேன்?"

"ரோஜாகிட்ட."

"ஒரு ரோஜா வாங்கித் தாங்கன்னு கேட்டேன். அதுக்கு அவ்வளவா தண்ணி வேண்டாம்னு அங்கிட்டு இருந்த பொண்ணு சொல்லுச்சு. இவரு வேணாம்னுட்டாரு." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம். "நான் என்னமோ எனக்குப் பூ புடிக்கும்னு வாங்கிக் குடுத்தாருன்னு இருந்தேன்."

உனக்கு அறிவுரை என்று எதையாவது எழுத வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அவளை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது உன் ஆசையானால் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல். "நீ வேலைக்குப் போறது எனக்குப் பயமா இருக்கு, நீ நாலு பேரப் பாக்குறது எனக்குப் புடிக்கல," என்று சொல். கேட்க அசிங்கமாக இருக்கும். ஆனால் அதற்கு அவள் ஒரு பதில் சொல்ல முடியும். சண்டை போட முடியும், அழ முடியும், உன்னைப் பார்த்துச் சிரிக்கவும் முடியும். பூவிடம் யார் சண்டை போட முடியும்? பூ வாடினால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் சொல்வார்கள். நீ கடல் தாண்டி நல்லவனாக உட்கார்ந்திருப்பாய். மனைவியை அடிக்கிறவனைப் பார்த்தால் ஊருக்கு அவன் யாரென்று தெரியும். உன்னைப் பார்த்தால் தோட்டக்கலையில் ஆர்வமுள்ள பையன் என்று நினைப்பார்கள். இருபத்தைந்து வயதில் உனக்கு வந்திருக்கும் ஆண்மை இவ்வளவுதான் என்றால், உன்னை வளர்த்தேன் என்று வெளியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த லீவில் வந்து வாசலை அழகுபடுத்த ஆசைப்பட்டால் அந்தக் கல்லில் ஓர் ஓரத்தைப் பெயர்த்து மண்ணைத் திற. ஜினியா விதையைத் தூவு, வாடாமல்லி தூவு. வீட்டில் இருக்கிறவர்கள் வெளியே போகும்போது தாமாக நிற்கக்கூடிய செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடு. பெட்டூனியாதான் வேண்டுமென்றால் குழாய் போட்டுவிட்டு வை. எப்படிப் போடுவது என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை எட்டேகால் பஸ்ஸில் நர்மதா அறந்தாங்கிக்குப் போனாள். போகும்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனாள். மதியம் நான் ஊற்றவில்லை. நீ அவளைக் கூப்பிட்டுக் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டாய். "அவ எங்க சித்தி?" "வேலைக்குப் போயிருக்கா." "பூ?" "தொங்கிருச்சு." "நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" "படிச்சுக்கிட்டு இருக்கேன்." நீ போனை வைத்துவிட்டாய். மறுநாளிலிருந்து அவள் காலையிலும் ஊற்றவில்லை. வியாழக்கிழமைக்குள் எல்லாப் பையும் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை நீ எங்கள் இருவரில் யாரையும் கூப்பிடவில்லை. அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.